காட்டுக்குள் ஒரு பெட்டி வைக்க யாரிடம் கேட்பது?

கொஞ்சம் நீண்ட பதிவு.

முதலாம் தவணையில் தரம் 10க்கு அகலக்கோடு, நெடுங்கோடு படிப்பிக்கும்போது ஜியோகேச்சிங் பற்றிச் சொன்னேன். ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் ஜி.பி.எஸ். எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனோடு தேடிப்போய், உள்ளே இருக்கும் குட்டிக் கொப்பியில் பெயர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைப்பார்கள். 2000ஆம் ஆண்டு மே 3ஆம் திகதி அமெரிக்காவின் ஒரிகனில் ஒருவர் ஒளித்து வைத்த வாளியோடு தொடங்கிய விளையாட்டு இது.

"நாங்களும் ஒண்டு வைப்பம் சேர்" என்றான் ஒரு மாணவன். எங்கள் மைதானத்துக்கு அப்பால் ஒதுக்கக் காடு. எல்லைக்கல் இங்கிருந்தே தெரியும்.

ஒரு அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். அங்கிருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர், தேநீரும் தந்தார். "பெட்டிக்குள்ள என்ன சேர் இருக்கு?" என்று மூன்று தரம் கேட்டார். கடைசியில், "ஓம் எண்டும் சொல்ல ஏலாது, இல்ல எண்டும் சொல்ல ஏலாது. கேக்காம வெச்சிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றார்.

எனக்குப் பயமே அந்தக் கடைசி வசனத்தில்தான். 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்த நாட்டில், எங்கள் பிள்ளை ஒருவன் தோளில் பையோடு காட்டோரம் போய், மரவேருக்குள் ஒரு பெட்டியைச் செருகிவிட்டு, சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டு வெளியே வருகிறான் என்று நினைத்துப் பாருங்கள். ஜியோகேச்சிங் என்றால் என்னவென்று அவன் யாரிடம், எந்த மொழியில் விளங்கப்படுத்துவான்? அவன் கையில் ஒரு அனுமதிக் கடிதம் இருக்கவேண்டும். மற்றவர்களுக்கு அது வெறும் சம்பிரதாயமாக இருக்கலாம்.

அமெரிக்காவில் இதற்கு விடை இருக்கிறது. தேசியப் பூங்காக்களில் பொறுப்பதிகாரியின் அனுமதியில்லாமல் பெட்டி வைக்க முடியாது. பொதுவாக எந்தப் பொருளையும் 24 மணித்தியாலத்துக்கு மேல் ஆளில்லாமல் விட்டுப்போவதே அங்கு குற்றம். வனச்சேவையின் சாதாரணக் காடுகளில் இவ்வளவு கெடுபிடி இல்லை, ஆனால் மனிதத் தலையீடு கூடாதென ஒதுக்கிய வனாந்தரங்களில் வைக்கக் கூடாது. விளையாட்டை நடத்தும் தளமே மண்ணில் புதைக்காதே, காணிக்காரரிடம் கேள் என்கிறது. பெட்டி கூடாத இடங்களுக்கு 'எர்த்கேச்' உண்டு. பெட்டியே இல்லை, அங்குள்ள பாறையைப் பார்த்துக் கேள்விகளுக்கு விடை அனுப்பவேண்டும், அவ்வளவுதான். ஹோர்ட்டன் சமவெளிக்கு அதுதான் சரி. நுழைவாயிலில் பொலித்தீனைத் தேடி வாங்கி வைக்கும் இடத்தில் நாம் பிளாஸ்டிக் பெட்டியோடு போய் நிற்க முடியுமா?

எங்கள் வனச் சட்டம் 1907இலும் வனஜீவராசிகள் சட்டம் 1937இலும் பிறந்தவை. அவற்றில் இந்த விளையாட்டைத் தேடிப் பயனில்லை.

"பேசாமல் தடை செய்யலாமே" என்று ஒரு நண்பர் சொன்னார். வல்லப்பட்டை கடத்துபவனும் 'ஜி.பி.எஸ். விளையாட்டு' என்று சொல்லிக்கொண்டு நுழையலாம், நூறு பேர் ஒரே மரத்துக்குக் குறுக்குவழி போட்டால் புதுப்பாதை விழும் என்பது அவர் வாதம். நியாயம்தான். அதனால்தான் மும்மொழியிலும் ஒரு பக்க விதி கேட்கிறேன். யாரிடம் விண்ணப்பிப்பது என்று அதில் இருக்கட்டும். இருக்கும் பாதையிலிருந்து சில அடிக்குள் மட்டும், யானை நடமாடும் இடமும் தொல்பொருள் இடமும் கண்ணிவெடி அகற்றி முடியாத காடும் அறவே கூடாது, உள்ளே தின்பண்டம் வைக்கக்கூடாது. பெட்டி கண்ணாடி போல உள்ளே தெரிவதாக, மேலே பெயரும் தொலைபேசி இலக்கமும். பொலிசுக்கு ஒரு பிரதி.

எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து நாலு மாதம். இப்போதைக்கு அதிபரின் கடிதத்தோடு பெட்டி எங்கள் மைதான மாமரத்தடியில் இருக்கிறது. முதல் கிழமையே தரம் 6 பிள்ளைகள் கண்டுபிடித்து அழிறப்பர் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டார்கள். கொப்பியில் மட்டும் ஒருவரும் பெயர் எழுதவில்லை.