கேள்வி கேட்டதே குற்றமா?

2011 பிப்ரவரி 16 அன்று பிரிட்டன் உள்துறை அமைச்சர் தெரசா மே, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றால் அரசு அதிர்ந்துபோயிருப்பதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அதே நாளில் பிரதமர் டேவிட் கேமரன், அது பொதுப்புத்திக்கே விரோதமானது என்றார். பாலியல் குற்றவாளிகள் பதிவேடு பற்றிப் பேச்சு வந்தால் இந்த இரண்டையும் தூசிதட்டி எடுத்து வருகிறவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் தீர்ப்பைப் படித்ததில்லை என்று எண்ணிக்கொள்வதே நாம் அவர்களுக்குக் காட்டும் மரியாதை. படித்த பிறகும் இப்படிப் பேசினால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது.

அப்படி என்னதான் சொன்னது தீர்ப்பு? 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாலியல் குற்றத்துக்காக 30 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர் காலவரையின்றிப் பதிவேட்டில் இருக்க வேண்டும். வீடு மாறினாலும் வெளிநாடு போனாலும் போலீஸுக்குச் சொல்ல வேண்டும். 40 வருடம் ஒழுங்காக வாழ்ந்தாலும் பெயரை நீக்கக் கேட்க அப்போது வழியே இருக்கவில்லை. மீண்டும் குற்றம் செய்யும் ஆபத்து தீர்ந்துவிட்டது என்று காட்ட ஒரு வாய்ப்புகூட இல்லாதது ஐரோப்பிய மனித உரிமைச் சாசனத்தின் 8ஆம் பிரிவோடு ஒத்துப்போகாது என்றது 2010 ஏப்ரலில் வந்த தீர்ப்பு. அவ்வளவுதான். ஒரு பெயரைக்கூட அது அடிக்கச் சொல்லவில்லை. மறுஆய்வுக்கு எவ்வளவு கடுமையான நிபந்தனை வைப்பது என்பதையும் நாடாளுமன்றத்திடமே விட்டது. குற்றவாளியின் உரிமையை மக்களின் பாதுகாப்புக்கு மேலே தூக்கி வைத்துவிட்டார்கள் என்ற கூச்சல் இதற்குத்தான்!

பதிவேடு தண்டனை அல்ல, முன்னெச்சரிக்கை என்பதுதான் அதை ஆதரிப்பவர்களின் வாதம். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். முன்னெச்சரிக்கை என்றால் ஆபத்து இருக்கும்வரைதான் அதற்கு வேலை. ஆபத்து இருக்கிறதா என்று பார்க்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு அதற்கு முன்னெச்சரிக்கை என்று பெயர் வைப்பது, ஒருமுறைகூடக் காய்ச்சல் பார்க்காமல் நோயாளியை ஆயுள் முழுக்கப் படுக்கையில் கிடத்துவதற்குச் சமம். இல்லை, அது தண்டனைதான் என்றால் நேராகச் சொல்லிவிடுங்கள். எத்தனை வருடம் என்று நீதிபதி தீர்ப்பில் எழுதட்டும். இரண்டில் ஒன்று. வழக்குமன்றத்தில் முன்னெச்சரிக்கை, மேடையில் தண்டனை என்று இடத்துக்கு ஒரு வேஷம் கட்டக் கூடாது.

வழக்குத் தொடுத்த இருவரில் ஒருவன் குற்றம் செய்தபோது அவனுக்கு வயது 11. ஆறு வயதுச் சிறுவனுக்கு அவன் செய்தது கொடூரம், அதில் இரண்டு பேச்சு இல்லை. தண்டனை சரியாக 30 மாதம். ஆகவே அன்றைய சட்டப்படி, 11 வயதில் செய்ததற்கு 81 வயதிலும் அவன் போலீஸ் நிலையத்துக்குப் போய்த் தன் விவரங்களைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் எவரும் அவன் இப்போது யார் என்று கேட்கக் கூடாது. இதுதான் பொதுப்புத்தியாம்.

மேயின் அறிக்கையில் இன்னொரு முத்து: பெயரை நீக்கலாமா என்ற இறுதி முடிவு நீதிமன்றத்தின் கையில் இருக்காது, போலீஸ் கையில்தான் இருக்குமாம். தன் முடிவைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் துறைக்கு எந்த நாட்டிலும் பஞ்சமில்லை. நாடாளுமன்றத்தின் மனித உரிமைக் கூட்டுக்குழுவே இதை எதிர்த்த பிறகு, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் உரிமையை அரசு சேர்த்தது. கீழே விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்ற தோரணை மட்டும் கடைசிவரை போகவில்லை.

2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்த விதியைப் பாருங்கள். பெரியவர்கள் 15 வருடம் காத்திருக்க வேண்டும், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் 8 வருடம். தன்னைப் பதிவேட்டில் வைத்திருக்கத் தேவையில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் விண்ணப்பிப்பவர் தலையில்தான். போலீஸ் மறுத்தால் இன்னும் 8 வருடம். குற்றவாளிகளுக்கு விருந்து வைத்ததாகச் சொல்கிறவர்கள் எந்த இலையைப் பார்த்தார்களோ தெரியவில்லை. லண்டனில் இந்த ஆவேசம் நடப்பதற்கு நான்கு மாதம் முன்பே, அதே தீவில், ஸ்காட்லாந்து தன் மறுஆய்வு முறையைக் கொண்டுவந்திருந்தது.

பாதிக்கப்பட்டவர்களின் பெயரால்தான் இவ்வளவு கோபமும் என்கிறார்கள். அவர்களுடைய பயம் உண்மையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போலீஸ் முடிவெடுக்கும் முன் கணக்கில் எடுக்க வேண்டியவை என்று புதிய விதி அடுக்குகிற பட்டியலில், குற்றத்தின் கடுமை, கடந்துபோன காலம் ஆகியவற்றோடு, பாதிக்கப்பட்டவர் சொல்வதும் இருக்கிறது. மறுஆய்வே இல்லாத பழைய முறையில், இத்தனை வருடம் கழித்து உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று அவரிடம் கேட்பதற்கு எந்தச் சந்தர்ப்பமும் இருக்கவில்லை.