முத்திரையைப் பாருங்கள், எண்ணைக் காப்பாற்றுங்கள்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். விஷயமும் கொஞ்சம் வேறு மாதிரி: பழைய ஜெர்மானியக் கைத்துப்பாக்கிகள். "வாத்தியாருக்கு வயசான காலத்தில் என்ன ஆச்சு?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் இருக்கும் ஒரே ஆயுதம் அரிவாள்மணை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன் நான். ஓய்வுக்குப் பிறகு வெளிநாட்டு ஏலப் பட்டியல்களைப் படிப்பது பழக்கமாகிவிட்டது. நாணயம், கடிகாரம், அஞ்சல்தலை என்று போகும் அந்தப் பட்டியல்களில் இந்தத் துப்பாக்கிகளும் வரும். அவற்றைச் சேகரிப்பவர்களைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு.

முதலில் பொருளைப் பற்றி. அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி என்றால், விசையை ஒருமுறை இழுக்க ஒரு தோட்டா வெடிக்கும். அந்த வேகத்திலேயே வெற்றுக் கூடு வெளியே போய் அடுத்த தோட்டா தானே உள்ளே வரும். 1890களில் ஜெர்மனி இதில் முன்னணியில் இருந்தது. நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள ஓபர்ன்டோர்ஃப் ஊரின் மவுசர் ஆலை சி96 என்ற துப்பாக்கியை 1896இல் செய்யத் தொடங்கியது. பெர்லினில் டி.டபிள்யூ.எம். நிறுவனம், ஜார்ஜ் லூகர் வடிவமைத்த லூகர் துப்பாக்கியைச் செய்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இவற்றுக்கு முதல் பெரிய வாடிக்கையாளர் ஜெர்மன் ராணுவம் அல்ல. லூகரை முதலில் ஏற்றுக்கொண்டது சுவிட்சர்லாந்து, 1900இல். ஜெர்மன் கடற்படை 1904இல்தான் எடுத்தது, தரைப்படை 1908இல். மவுசருக்கோ உதுமானியத் துருக்கி 1,000 கேட்டது. இத்தாலியக் கடற்படை 1899இல் 5,000 கேட்டது. பாரசீகமும் வாங்கியது. பின்னாளில் சீனாவின் போர்த் தளபதிகள் ஏராளமாக வாங்கினார்கள். மரப்பெட்டியே உறையாகவும், பின்னால் மாட்டினால் தோளில் வைத்துச் சுடும் கட்டையாகவும் பயன்பட்டதால், அங்கே இதற்குப் 'பெட்டிப் பீரங்கி' என்றே பெயர்.

வாங்கிய நாட்டுக்கு ஏற்ப முத்திரை மாறும். சுவிஸ் லூகரில் சிலுவை. அமெரிக்கச் சந்தைக்குப் போனதில் கழுகு. பாரசீக மவுசரில் சிங்கமும் சூரியனும். துருக்கிக்குப் போனதில் குறிபார்க்கும் அளவுகோலின் எண்கள்கூட அவர்கள் எழுத்தில். ஒரே ஆலை, ஒரே இரும்பு. மேலே மட்டும் வேறு வேறு ராஜாக்களின் பெயர்.

எனக்கு மிகவும் பிடித்தது போர்ச்சுகல் கதை. 1908இல் லிஸ்பனில் மன்னர் கார்லோஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். இளைய மகன் மானுவல் மன்னரானார். அவர் ராணுவத்துக்கு வந்த லூகரில் கிரீடமும் 'எம்2' என்ற எழுத்தும் இருக்கும். கடற்படைக்கு வந்ததில் நங்கூரத்தின் மேல் கிரீடம். 1910 அக்டோபரில் புரட்சி வந்து மன்னராட்சி ஒழிந்தது. அதன்பின் கடற்படைக்கு வந்த துப்பாக்கிகளில் நங்கூரம் அப்படியே இருக்க, கிரீடம் போய், போர்ச்சுகல் குடியரசைக் குறிக்கும் 'ஆர்.பி.' வந்துவிட்டது. நான் வகுப்பில் அரை மணி நேரம் சொல்ல வேண்டியதை ஒரு விரல் அகல இரும்பு சொல்லிவிடுகிறது.

சரி, சேகரிப்பவர்கள் எதற்கு விலை கொடுக்கிறார்கள்? மூன்று காரியங்களுக்கு. ஒன்று, அபூர்வம். சுமார் பத்து லட்சம் சி96 செய்யப்பட்டதில் ஆயிரம் மட்டுமே ஒரு நாட்டுக்குப் போனது என்றால் அதற்கு மதிப்பு கூடும். இரண்டு, எல்லா உறுப்புகளிலும் ஒரே எண் இருப்பது. மூன்று, பயன்படுத்தாத புதுமெருகு. இதோடு அமெரிக்காவில் சட்டமும் சேரும்: 1898 முடியும்வரை செய்தது பழம்பொருள், 1899இல் செய்தது துப்பாக்கி!

என் கருத்துவேற்றுமை இங்கேதான் தொடங்குகிறது. புதுமெருகோடு இருக்கும் துப்பாக்கி எங்கும் போகாத துப்பாக்கி. அதற்குச் சொல்ல எதுவும் இல்லை. போய்வந்த துப்பாக்கிக்குத் தேய்மானம் இருக்கும், கீறல் இருக்கும். அதைப் 'புதுசாக்குகிறேன்' என்று சிலர் மெருகேற்றி முத்திரையை மழுக்கிவிடுகிறார்கள். சிலர் சாதாரணத் துப்பாக்கியில் போலி முத்திரை அடித்து விற்கிறார்கள். இன்னும் பலர் படம் வெளியிடும்போது கடைசி இலக்கங்களை மறைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், எண்ணையும் அதன் கணக்கையும் தொலைத்துவிட்டு இரும்பை மட்டும் காப்பது சேகரிப்பே அல்ல, பதுக்கல்.

எண்ணுக்கு அத்தனை முக்கியத்துவமா என்று கேட்பீர்கள். நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது.

1914 ஆகஸ்ட் 26. பிரிட்டன் ஜெர்மனியோடு போரில் இறங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. கல்கத்தாவில் ரோடா என்ற ஆயுத வியாபார நிறுவனத்துக்குச் சரக்கு வந்திருந்தது. சுங்கத்திலிருந்து 202 பெட்டிகளை எடுத்த ஊழியர் 192ஐ மட்டும் கிடங்கில் சேர்த்தார். மீதி 10 பெட்டிகளில் இருந்தவை 50 மவுசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும். அந்த ஊழியர் புரட்சியாளர்களின் ஆள். ஏற்றுமதிக்காகச் செய்த ஜெர்மானியத் துப்பாக்கி, ஆங்கிலேய வியாபாரி வழியாக, ஆங்கிலேயரை எதிர்த்தவர்கள் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு பாலசோரில் பாகா ஜதீனும் தோழர்களும் போலீஸ் படையை எதிர்த்து நின்றது மவுசரோடுதான்.

ஒவ்வொரு துப்பாக்கியின் எண்ணும் ரோடா நிறுவனத்தின் பதிவேட்டில் இருந்தது. அதனால்தான் 1918இல் வந்த ரௌலட் குழு அறிக்கையால் அவ்வளவு துல்லியமாகப் பேச முடிந்தது: 54 சம்பவங்களில் இவை பயன்பட்டன, 31 மீட்கப்பட்டன என்று. அன்று அந்த எண்கள் நம்மவர்களைப் பிடிக்க உதவின. அது கசப்பான உண்மை. ஆனால் இன்று அதே எண்கள்தான் சாட்சி. மீட்கப்படாத 19இல் ஒன்று நாளை எங்கோ ஓர் ஏலத்துக்கு வந்தால், "இது கல்கத்தாவுக்கு வந்தது" என்று சொல்லக்கூடியது எண் மட்டுமே. அதைச் சுரண்டிவிட்டால் அது வெறும் பழைய இரும்பு.

எண்ணை வெளியிட்டால் திருடன் வருவான், போலிக்காரன் அதே எண்ணை அடிப்பான் என்று சேகரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. அதற்கு வழி இருக்கிறது. உரிமையாளர் பெயரை மறையுங்கள். எண், முத்திரை, கைமாறிய வரலாறு மூன்றையும் ஓர் அருங்காட்சியகத்திடமோ நூலகத்திடமோ எழுதிக் கொடுத்து வையுங்கள். விற்கும்போது அந்தத் தாளும் கூடப் போகட்டும்.

"கொலைக் கருவிக்கு இத்தனை மரியாதையா?" என்று இன்னொரு பக்கம் கேட்பார்கள். நான் காந்தியைப் படித்து வளர்ந்தவன். அதனால்தான் சொல்கிறேன். உருக்கிவிட்டால் யார் செய்தார்கள், யார் விற்றார்கள், யார் வாங்கினார்கள் என்பதும் சேர்ந்து உருகிவிடும். சுடமுடியாதபடி செய்து, கண்ணாடிப் பேழையில் வைத்து, பக்கத்தில் அதன் முழுக் கதையையும் எழுதி வைத்தால், ஆயுத வியாபாரத்துக்கு எதிராக அதைவிட நல்ல பாடம் கிடையாது. விற்றவனுக்கு மன்னரும் ஒன்றுதான், குடியரசும் ஒன்றுதான் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம்.

நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கி சேகரிக்கப் போவதில்லை. ஆனால் எல்லோர் வீட்டிலும் ஒரு பழைய பொருள் இருக்கும். தாத்தாவின் கைக்கடிகாரம், பித்தளை அளவுப்படி, பர்மாவிலிருந்து வந்த பெட்டி. புளி போட்டுத் தேய்ப்பதற்கு முன், அதில் பொறித்திருக்கும் எழுத்தைப் படித்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்கிருந்து வந்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு என்று இரண்டு வரி போதும்.

அப்படி ஏதாவது உங்களிடம் இருந்தால் கீழே எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.