கம்ப்யூட்டரை ஆன் செய்தால் வீட்டில் கரண்ட் போகிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்களில் ஒன்று, உண்மையில் கம்ப்யூட்டரைப் பற்றியதே அல்ல. "கம்ப்யூட்டரை ஆன் செய்தால் வீட்டில் மொத்த கரண்டும் போய்விடுகிறது. மெயின் போர்டில் ஒரு பெரிய சுவிட்ச் கீழே விழுந்துவிடுகிறது. தூக்கிவிட்டால் கரண்ட் வருகிறது. மறுபடி கம்ப்யூட்டரைப் போட்டால் மறுபடி விழுகிறது. கம்ப்யூட்டரில் என்ன கோளாறு?"

பெரும்பாலும் கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இருக்காது. ஆனால் விற்றவரிடம் சொன்னால் அவர் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றித் தருகிறார். அதற்குப் பிறகும் விழுந்தால் எலக்ட்ரீஷியன் வருகிறார். சிலர் சரியாகப் பார்க்கிறார்கள். சிலர் கம்ப்யூட்டரின் மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் தடித்த பின்னை எடுத்துவிடுகிறார்கள், அல்லது அந்தப் பெரிய சுவிட்சுக்கு வெளியே ஒயரைச் சுற்றிக் கொடுத்து "இனிமேல் விழாது சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். உண்மைதான், இனிமேல் விழாது. யாருக்காவது ஷாக் அடித்தாலும் விழாது. இந்த வைத்தியத்தை எந்தக் காரணத்திற்காகவும் ஏற்றுக்கொள்ளாதீர்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விழுவது எது என்று பாருங்கள். மெயின் போர்டில் வரிசையாக இருக்கும் சிறிய சுவிட்சுகள் எம்.சி.பி.க்கள். அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தாலோ ஷார்ட் ஆனாலோ அவை விழும். அகலமாக, ஓரத்தில் ஒரு சிறிய பொத்தானுடன் இருப்பது ஆர்.சி.சி.பி. பொத்தானின் மேல் 'டி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். பழைய பழக்கத்தில் இதை இ.எல்.சி.பி. என்றும், வெறுமனே ட்ரிப்பர் என்றும் சொல்வார்கள். நாம் பேசுவது இதைப் பற்றி.

ஆர்.சி.சி.பி. செய்யும் வேலை ரொம்ப எளிமையானது. அது ஒரு கணக்குப்பிள்ளை. பேஸ் ஒயர் வழியாக எவ்வளவு கரண்ட் வீட்டுக்குள் போகிறதோ, அவ்வளவும் நியூட்ரல் ஒயர் வழியாகத் திரும்பி வர வேண்டும். இரண்டு ஒயர்களும் உள்ளே ஒரு காந்த வளையத்தின் வழியாகப் போகின்றன. இரண்டும் சமமாக இருந்தால் வளையத்தில் ஒன்றும் நடக்காது. வித்தியாசம் வந்தால், அந்த வித்தியாசம் வேறு வழியாகப் பூமிக்குப் போகிறது என்று அர்த்தம். அந்த வழி ஈரச் சுவராக இருக்கலாம், எர்த் ஒயராக இருக்கலாம், உங்கள் மகனின் கையாகவும் இருக்கலாம். எது என்று அதற்குத் தெரியாது. அதனால் உடனே மொத்தத்தையும் துண்டித்துவிடுகிறது. வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர் வகை. நடைமுறையில் 15-க்கும் 30-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் அது விழலாம்.

இதை எம்.சி.பி. செய்யாதா? செய்யாது. 230 வோல்ட் லைனை ஈரக் கையால் தொட்டவரின் உடம்பில் 100, 200 மில்லி ஆம்பியர் பாயலாம். இதயத்தை நிறுத்த அது தாராளமாகப் போதும். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு சின்ன பல்பு எரிவது போலத்தான். அது அசையவே அசையாது.

சரி, கம்ப்யூட்டர் ஏன் மாட்டிக்கொள்கிறது? கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட பேஸிலிருந்து எர்த்துக்கு ஒன்று, நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு ஒன்று என்று இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் இருக்கின்றன. இவற்றின் வழியாக எப்போதும் கொஞ்சம் கரண்ட் எர்த்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். கோளாறு அல்ல, அமைப்பே அப்படித்தான். 4,700 பிகோபாரட் கெபாசிட்டர் என்றால் நம் ஊர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 0.34 மில்லி ஆம்பியர். மானிட்டர், பிரிண்டர், யு.பி.எஸ். எல்லாம் சேர்த்தாலும் இரண்டு மூன்று மில்லி ஆம்பியர் வந்தால் அதிகம். ஆர்.சி.சி.பி.யை விழ வைக்க இது மட்டும் போதாது.

ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய வாட்டர் ஹீட்டர் 14, 15 மில்லி ஆம்பியரைக் கசியவிட்டுக் கொண்டிருந்தால்? ஆர்.சி.சி.பி. விளிம்பில் நிற்கிறது. கடைசியாக வந்த கம்ப்யூட்டர் அந்த இரண்டு மில்லி ஆம்பியரைச் சேர்க்கிறது, விழுகிறது. பழி புதிதாக வந்தவர் மேல்!

இதைவிட அதிகமாக நான் பார்ப்பது இன்னொரு காரணம். கம்ப்யூட்டர் வாங்கினால் அதற்கென்று புதிதாக ஒரு பிளக் பாயிண்ட் போடுவோம் அல்லவா? வம்பு அந்தப் பாயிண்டில்தான். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தரைத்தளத்துக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என்று இரண்டு ஆர்.சி.சி.பி. இருந்தன. மகளின் படிப்புக்காகக் கம்ப்யூட்டர் வாங்கி மாடி அறையில் வைத்தார்கள். ஆன் செய்ததும் மாடியில் கரண்ட் போனது. சில சமயம் கீழேயும் சேர்ந்தே போனது. கம்ப்யூட்டர் கடைக்குப் போய் வந்தது, எஸ்.எம்.பி.எஸ். மாறியது, பணமும் போனது. பிரச்சினை போகவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டு தளத்திலும் போகிறது என்று சொன்னதுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு அதே பாயிண்டில் இரண்டு பின் பிளக் உள்ள ஒரு டேபிள் பேனைப் போட்டுப் பார்த்தோம். அதற்கும் விழுந்தது. புதிய பாயிண்டுக்குப் பேஸை மாடி லைனிலிருந்து எடுத்த எலக்ட்ரீஷியன், நியூட்ரலைக் கைக்கு எட்டிய பெட்டியிலிருந்து எடுத்திருந்தார். அது தரைத்தள நியூட்ரல். ஒரு ஆர்.சி.சி.பி. வழியாகப் போன கரண்ட் இன்னொன்றின் வழியாகத் திரும்பினால் இரண்டுக்குமே கணக்கு உதைக்கத்தான் செய்யும். ஒரே ஒரு ஒயரை மாற்றியதும் சரியாகிவிட்டது.

இந்த டேபிள் பேன் சோதனையை நீங்களும் செய்யலாம். இரண்டு பின் பிளக்கில் எர்த் கிடையாது. மேசை மேல் நிற்கும் பேனிலிருந்து கரண்ட் பூமிக்குக் கசிய வழியும் கிடையாது. அப்படியும் ஆர்.சி.சி.பி. விழுகிறது என்றால் அந்தப் பாயிண்டின் நியூட்ரல் தப்பான இடத்திலிருந்து வருகிறது, அல்லது நியூட்ரலும் எர்த்தும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எர்த் இல்லாத பழைய வீடுகளில் நியூட்ரலிலிருந்தே ஒரு துண்டு ஒயரை எர்த் துளைக்குக் கொடுத்து "எர்த் போட்டாச்சு" என்று சொல்லும் வழக்கம் உண்டு. இன்வெர்ட்டர் மாட்டும்போதும் இந்த நியூட்ரல் குழப்பம் அடிக்கடி வரும்.

பேனுக்கு விழவில்லை, கம்ப்யூட்டருக்கு மட்டும் விழுகிறதா? அப்போது வீட்டிலுள்ள எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நம் வீட்டு சுவிட்சுகள் பேஸை மட்டுமே துண்டிக்கின்றன, நியூட்ரல் இணைந்தே இருக்கிறது. மூலையில் அணைத்து வைத்திருக்கும் கிரைண்டருக்குள் நியூட்ரல் ஒயர் பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால், நீங்கள் வேறொரு அறையில் ஏ.சி.யையோ அயர்ன் பாக்ஸையோ போடும்போது அந்தக் கரண்டில் ஒரு பங்கு கிரைண்டர் வழியாக எர்த்துக்குப் போகும். ஆர்.சி.சி.பி. விழும். ஓடாத கிரைண்டரை யார் சந்தேகப்படுவார்கள்?

எல்லாவற்றையும் கழற்றிய பிறகு கம்ப்யூட்டரை மட்டும் போடுங்கள். நின்றால் கம்ப்யூட்டர் நிரபராதி. பிறகு ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள். விழ வைக்கும் சாதனம் தானாகத் தெரிந்துவிடும். தண்ணீர் சம்பந்தப்பட்ட ஹீட்டர், வாஷிங் மெஷின், மோட்டார் இவற்றை முதலில் சந்தேகப்படுங்கள். தனியாகவே கம்ப்யூட்டர் விழ வைத்தால், நடுவில் இருக்கும் ஸ்பைக் பஸ்டரை எடுத்துவிட்டு நேரடியாகச் சுவரில் மாட்டிப் பாருங்கள். ஸ்பைக் பஸ்டருக்குள் இருக்கும் வேரிஸ்டர்கள் பல மின்னல்களையும் வோல்டேஜ் ஏற்றங்களையும் தாங்கித் தேய்ந்துபோனால் எர்த்துக்குக் கசியும். அதற்கும் மாறவில்லை என்றால்தான் எஸ்.எம்.பி.எஸ். மேல் கை வைக்க வேண்டும். ஒன்றுமே மாட்டாதபோதும் விழுகிறது என்றால் வயரிங்கில் கோளாறு. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை மெக்கரோடு வரச் சொல்லுங்கள். போர்டை நீங்களே திறக்க வேண்டாம்.

இதெல்லாம் நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவில் கார் பின்னால் இழுத்துச் செல்லும் கேம்பர் டிரெய்லரை வீட்டுக்கு வெளியே இருக்கும் பிளக்கில் மாட்டினால் உடனே விழுகிறது என்பது அங்கே பழைய தலைவலி. டிரெய்லருக்குள் நியூட்ரலும் எர்த்தும் ஒட்டியிருப்பதும், வாட்டர் ஹீட்டர் காயில் கசிவதும் அங்கேயும் முக்கியமான காரணங்கள். அங்குள்ள சாதனம் இன்னும் ரோஷக்காரன், சுமார் 5 மில்லி ஆம்பியரிலேயே விழுந்துவிடும். பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல் 1961-ல் உருவாக்கியது அது. மனித உடம்பு எவ்வளவு கரண்டைத் தாங்கும் என்று பல வருடம் ஆராய்ந்தவர் அவர்.

எர்த் பின்னுக்கு வருவோம். அதை எடுத்தால் ஏன் விழுவது நிற்கிறது? கசியும் கரண்டுக்குப் போக வழி இல்லை, அதனால்தான். கசிவு நிற்கவில்லை, காத்திருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள அந்த இரண்டு கெபாசிட்டர்களும் வோல்டேஜைப் பாதியாகப் பிரிப்பதால், எர்த் இல்லாத கம்ப்யூட்டரின் கேபினெட்டில் சுமார் 115 வோல்ட் நிற்கும். வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று இருக்கும். டெஸ்டரை வைத்தால் எரியும். அப்போதும் "கம்ப்யூட்டரில் கரண்ட் லீக்" என்று சொல்லி அதைத்தான் திட்டுவார்கள்! இந்தச் சுருக்கு ஆளைக் கொல்லாது. கெபாசிட்டர் அவ்வளவு கரண்டை விடாது. ஆனால் நாளை உள்ளே பேஸ் ஒயர் கேபினெட்டைத் தொட்டால், எர்த் ஒயர் செய்ய வேண்டிய வேலையை உங்கள் உடம்பு செய்யும். ஆர்.சி.சி.பி.யையும் பைபாஸ் செய்திருந்தால் அப்போது தடுக்க யாருமில்லை. அது கம்ப்யூட்டரில் நடக்க வேண்டும் என்றுகூட இல்லை. கம்ப்யூட்டருக்காகப் பைபாஸ் செய்த வீட்டில் குளியலறை ஹீட்டருக்கும் பாதுகாப்பு போய்விட்டது.

கம்ப்யூட்டர் விற்பவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வீட்டுக்கு வந்து ஆன்ட்டி வைரஸ் போட அரை மணி நேரம் செலவழிக்கிறார்கள். பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. மூன்று விளக்குகள் கொண்ட ஒரு சின்ன சாக்கெட் டெஸ்டர் பெட்டிக்குள் இருந்தால் எர்த் இல்லை, ஒயர் மாறியிருக்கிறது என்பதெல்லாம் பெரும்பாலும் மாட்டியவுடனே தெரிந்துவிடும். நியூட்ரலிலிருந்தே எடுத்த போலி எர்த்தை மட்டும் அது காட்டிக் கொடுக்காது. அதற்கு எலக்ட்ரீஷியன் வேண்டும். கம்ப்யூட்டர் வாங்கும்போது இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

புதிதாக ஆர்.சி.சி.பி. வாங்குவதாக இருந்தால் 'ஏ' வகை என்று கேளுங்கள். மலிவாகக் கிடைக்கும் 'ஏ.சி.' வகை சாதாரண மாறு மின்சாரக் கசிவை மட்டுமே நம்பகமாகக் கண்டுபிடிக்கும். கம்ப்யூட்டர் போன்ற எலக்ட்ரானிக் சாதனங்கள் பழுதானால் கசியும் கரண்ட் வேறு வடிவத்தில் வரும். அதற்கு 'ஏ' வகைதான் சரி.

ஏற்கெனவே ஆர்.சி.சி.பி. இருப்பவர்கள் அந்த 'டி' பொத்தானை எப்போது அழுத்தினீர்கள்? நான் மாதம் ஒரு முறை அழுத்துகிறேன். அழுத்தும் முன் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் டைப் செய்துகொண்டிருந்தது போய்விடும். பொத்தானை அழுத்தியதும் சுவிட்ச் டக்கென்று விழ வேண்டும். கரண்ட் இருக்கும்போது அழுத்தியும் விழவில்லை என்றால் அந்த ஆர்.சி.சி.பி.யை அந்த வாரமே மாற்றிவிடுங்கள்.