மோட்டரைக் கொடுத்தால் போதுமா?

இறம்பொடையில் வாழும் நமக்கு இடப்பெயர்வு புதிதல்ல. 1985இல் நிறைவுபெற்ற கொத்மலை நீர்த்தேக்கத்துக்காக வயலையும் வீட்டையும் விட்டு மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போனவர்கள் பலர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகள் மலையகத்தில் இன்னும் பல குடும்பங்களை இடம்பெயரச் செய்தன.

புதிய இடத்தில் கோவாவும் கரட்டும் நட்டதும் முதலில் எழுவது தண்ணீர்ச் சண்டை. இது நம்மோடு தொடங்கியதுமல்ல. கெராரிலிருந்து வெளியேற்றப்பட்ட ஈசாக்கின் மேய்ப்பர்கள் தோண்டிய இரண்டு கிணறுகளுக்கும் வழக்கு வந்தது. மூன்றாவதில்தான் சமாதானம் கிடைத்தது என்று ஆதியாகமம் 26ஆம் அதிகாரம் சொல்கிறது.

உதவி செய்யும் நிறுவனங்கள் பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு தண்ணீர் மோட்டரைக் கொடுக்கின்றன. நல்ல காரியந்தான். ஆனால் யார் எவ்வளவு நேரம் இறைத்தார் என்பதற்குச் சாட்சி யார்? நிறுத்த மறந்தால் ஓடை வற்றி, மோட்டர் வெறுமையாகச் சுழன்று பழுதாகும். அதைவிட மோசம், இரவு முழுவதும் சரிவில் வடியும் தண்ணீர். ஈரம் ஊறிய மண் என்ன செய்யும் என்பதை நாம் கண்ணால் கண்டவர்கள்.

ஆகவே மோட்டரோடு ஒரு நேரக்கட்டுப்பாட்டுச் சுற்றும் வேண்டும். அதை வாங்கிக் கொடுப்பதைவிட, நம் இளைஞர் தாமே செய்யக் கற்பிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இது பெரிய வித்தையல்ல. 1970களின் தொடக்கத்தில் ஹான்ஸ் கமென்சிண்ட் என்ற பொறியியலாளர் வடிவமைத்த 555 என்னும் எட்டுக் கால் ஐசி இதற்குப் போதும். பொத்தானை அழுத்தியதும் ஐசி றிலேயை இயக்குகிறது. றிலே மோட்டருக்கு வழிவிடுகிறது. அதே நேரத்தில் ஒரு தடையி வழியாகக் கொள்ளளவி மெல்ல நிரம்புகிறது. மின்வழங்கலின் மூன்றில் இரண்டு பங்கு அழுத்தத்தை அது எட்டியதும் ஐசி றிலேயை விடுவிக்கும், மோட்டர் நிற்கும்.

கணக்கும் எளிது. தடையியைக் கொள்ளளவியால் பெருக்கி, அதை 1.1ஆல் பெருக்கினால் செக்கன் கணக்கு வரும். 10 இலட்சம் ஓம் தடையியும் 1000 மைக்ரோபரட்டுக் கொள்ளளவியும் போட்டால் 1100 செக்கன், அதாவது சுமார் 18 நிமிடம். பெரிய கொள்ளளவிகள் சொன்ன அளவில் சரியாக இருப்பதில்லை. கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்துத் தடையியை மாற்றிக்கொள்ள வேண்டும். மணிக்கணக்கில் வேண்டுமானால் 4060 என்ற எண்ணும் ஐசியே ஏற்றது. றிலேச் சுருளுக்குக் குறுக்கே ஓர் இருவாயியைத் தலைகீழாகப் போட மறக்கக்கூடாது. இல்லாவிட்டால் றிலே விடும்போது எழும் மின்னுதைப்பு ஐசியைக் கெடுத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. 12 வோல்ற்றுப் பக்கத்தை இளைஞர்கள் செய்யட்டும். 230 வோல்ற்றுப் பக்கத்தில் தகுதிபெற்ற மின்தொழிலாளரே கைவைக்க வேண்டும். மோட்டர் புறப்படும்போது வழமையைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சிறிய றிலேயின் முனைகள் அதில் ஒட்டிக்கொண்டால் மோட்டர் நிற்கவே நிற்காது. ஆகையால் சிறிய றிலே ஒரு பெரிய காந்த ஆளியை இயக்க, அந்த ஆளியே மோட்டரை இயக்க வேண்டும். ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் இதைப் பொருத்தவே கூடாது.

“கடையில் ஆயத்தமாகக் கிடைக்கிறதே” என்று சிலர் கேட்பார்கள். கிடைக்கிறது. பழுதானால் அதைத் திறந்து பார்க்க நம்மில் யார் இருக்கிறார்? வீடும் நிலமும் போகலாம் என்பதை இருமுறை கண்டோம். கையில் உள்ள தொழில் நம்மோடு கூடவே வரும்.

பொத்தானுக்கு மேட்டு வீட்டுக்காரர், பள்ளத்து வீட்டுக்காரர் என்ற பேதம் தெரியாது. எல்லோருக்கும் ஒரே அளவுதான். ஆனால் அந்த அளவு எத்தனை நிமிடம் என்பதை எந்த ஐசியும் தீர்மானிக்காது. அதை நாம் ஒன்றாக அமர்ந்து, பேசித் தீர்க்க வேண்டும். அந்தக் கூட்டத்தை முதலில் கூட்டுவோம். பற்றாசுக் கோலைப் பிறகு சூடாக்குவோம்.