கனவை விழுங்கும் காதல்

‘திரைப்படமே வீண், அதிலும் பந்தாட்டப் படமா?’ என்று நம் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். செவ்வாப்பேட்டையிலிருந்து ரயிலேறி அம்பத்தூர்த் தொழிற்சாலைகளில் உழைத்துத் திரும்பும் நம் பிள்ளைகள், விடுமுறை நாளில் மட்டையும் ரப்பர் பந்துமாக எங்கே செல்கின்றனர் என்பதை அவர்களும் அறிவர்.

அத்தகையோரின் கதையே 2024-இல் வெளிவந்த ‘லப்பர் பந்து’. மணவயதில் மகளிருந்தும் மட்டையை விடாத ஒருவர். அவரை ஆட்டமிழக்கச் செய்யும் இளைஞனே அவர் மகளைக் காதலிக்கிறான். நல்ல படந்தான். சாதியின் பெயரால் அவ்விளைஞனுக்கு அணியில் இடம் மறுக்கப்படுவதையும் அது மறைக்கவில்லை. ஆயினும், மாமன் மருமகன் பிணக்குத் தீர்ந்ததும் யாவும் தீர்ந்ததாக எண்ணியன்றோ நாம் எழுந்து வருகிறோம்! அமெரிக்காவின் ‘புல் டர்ஹாம்’ (1988) படத்திலும் இதே கதை. பேஸ்பாலின் உயர்மட்டத்தில் 21 நாள்களே நின்ற முதிர்ந்த ஆட்டக்காரனுக்கு, இறுதியில் ஒரு பெண்ணின் அன்பே ஆறுதல்.

கனவு ஏன் கருகிற்று என்னும் வினாவைக் காதல் விழுங்கிவிடுகிறது. சுசீந்திரனின் ‘ஜீவா’ (2014) தேர்வாளர்களை நேர்நின்று கேட்டது. நாமோ வீட்டில் ‘நஸீபு’ என்று கூறி அமைகிறோம். தேர்வுப் பட்டியலை எழுதுவோர் மனிதரல்லரோ?

2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது ‘திருவள்ளூர் வீரன்ஸ்’ என்றோர் அணி இருந்தது. 2018-இல் அதுவே ‘காஞ்சி வீரன்ஸ்’ ஆயிற்று. நம் மாவட்டத்தின் பெயர் நின்றது இரண்டே பருவங்கள். எந்தப் பிள்ளையைக் கேட்டு அப்பெயரைச் சூட்டினர்? எவனைக் கேட்டு நீக்கினர்?