படிவம் ஐந்து பிள்ளைக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம்?

எஸ்பிஎம் ஆண்டு பிறந்ததும் மாணவர்கள் கேட்கும் முதல் அறிவுரை, "நேரத்தைச் சரியாகப் பயன்படுத்து" என்பதுதான். வீட்டிலும் அதே பேச்சு, தன்முனைப்புக் கருத்தரங்குகளிலும் அதே பேச்சு. பயன்படுத்துவதற்கு நேரம் மிச்சம் இருக்கிறதா என்பதை மட்டும் பெரும்பாலும் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

தோட்டத்திலிருந்து பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் ஒரு மாணவியின் நாளை எடுத்துக்கொள்வோம். காலை மணி 5.00க்கு எழுந்தால்தான் 6 மணி பள்ளிப் பேருந்தைப் பிடிக்க முடியும். 7.30 முதல் 2.30 வரை பள்ளி. கூடுதல் வகுப்போ புறப்பாட நடவடிக்கையோ முடியும்போது மணி 4.00. வீடு சேர 5.00. குளித்து, சாப்பிட்டு, துணி மடித்து, தம்பியின் பாடத்தைப் பார்த்தால் 7.30. இரவு 8 முதல் 10 வரை டியூஷன். திரும்பி வந்து வீட்டுப்பாடத்தைத் திறக்கும்போது 10.30. இரண்டு மணி நேர வேலை என்றாலும் படுக்கப் போகும்போது 12.30 ஆகிவிடும். மீண்டும் காலை 5 மணிக்கு எழ வேண்டும்.

தூக்கம் நாலரை மணி நேரம். 13 முதல் 18 வயது வரையிலானோருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்கவியல் மருத்துவர்களின் பரிந்துரை. அதில் பாதியளவுதான் இந்த மாணவிக்குக் கிடைக்கிறது. இத்தனைக்கும் இந்தக் கணக்கில் வீணடித்த நேரம் என்று எதுவும் இல்லை. கைப்பேசி இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

இந்தச் சுமையை யாரும் திட்டமிட்டுச் சுமத்தவில்லை. பள்ளி ஆசிரியர் தம் பாடத்துக்கு வேண்டியதைக் கேட்கிறார். டியூஷன் ஆசிரியர் தம் பயிற்சித்தாளைக் கொடுக்கிறார். திருமுறைப் போட்டிக்கோ நடனத்துக்கோ கோயிலும் இயக்கமும் பயிற்சி வைக்கின்றன. வீட்டில் ஒரு கை உதவி வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவரும் கேட்பது ஒன்றிரண்டு மணி நேரம்தான், ஒவ்வொன்றும் நியாயமானதே. மொத்தத்தையும் கூட்டிப் பார்க்கும் ஆள்தான் இல்லை.

பிள்ளைகள் ஏன் முடியாது என்று சொல்வதில்லை? யுபிஎஸ்ஆர் 2021-இலும் பிடி3 2022-இலும் நிறுத்தப்பட்ட பிறகு, குடும்பத்தின் எதிர்பார்ப்பு முழுவதும் எஸ்பிஎம் மீது குவிந்துள்ளது. 10ஏ பெறும் எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று அரசாங்கம் 2024-இல் அறிவித்தது. அது வரவேற்கத்தக்க வாய்ப்பு. ஆனால் ஏ மைனஸ் அந்தக் கணக்கில் சேராது என்பது 2025-இல் பெரும் விவாதமானபோது, ஒரு பாடத்தில் சற்றுச் சறுக்கினாலும் எல்லாம் போய்விடும் என்ற அச்சமும் கூடியது. அரசாங்க உயர்கல்விக் கூட விண்ணப்பத்தில் தேர்வு முடிவுக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு. அதனால் சீருடை இயக்கம், மன்றம், விளையாட்டு எதையும் விட மனம் வருவதில்லை. குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகப்போகும் பிள்ளை என்றால், ஓவர்டைம் செய்து டியூஷன் பணம் கட்டும் அப்பாவிடம் "முடியவில்லை" என்று சொல்ல வாய் வராது.

சுமை தாங்காமல் எதையாவது விடும்போது, பல வீடுகளில் முதலில் வெட்டுப்படுவது தமிழ். பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு பாட அட்டவணைக்கு வெளியே, பள்ளி முடிந்த பிறகோ சனிக்கிழமையோ நடக்கிறது. எனவே அதைக் கைவிடுவதே சுலபமாகத் தெரிகிறது. ஆனால் தூய அறிவியல் பிரிவில் மலாய், ஆங்கிலம், நன்னெறி, வரலாறு, கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றைக் கூட்டினால் 9 பாடங்கள்தான் வரும். நம் பிள்ளைகள் பலருக்கு 10-ஆவது பாடமே தமிழ்மொழி. அதை விட்டுவிட்டு 10ஏ எங்கிருந்து வரும்? ஏற்கெனவே நன்றாகச் செய்யும் பாடத்துக்கும் டியூஷன், பெயருக்கு ஒரு மூன்றாவது பதவி, கிடைத்த எல்லாப் போட்டிகளிலும் பங்கேற்பு ஆகியவைதான் முதலில் குறைக்க வேண்டியவை.

குறைக்காவிட்டால் என்ன ஆகும்? சுகாதார அமைச்சின் 2022 தேசிய ஆய்வில், 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு இருப்பது தெரியவந்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. படிப்புச் சுமை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தூக்கமின்மை மனநிலையையும் நினைவாற்றலையும் சேர்த்தே பாதிக்கிறது. நள்ளிரவுவரை படித்தது காலையில் நினைவில் நிற்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வீட்டில் இதற்குச் சோம்பல், திமிர், கண்ணேறு என்று வேறு பெயர்கள் வைக்கிறோம். பள்ளி நாள் காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, அடிக்கடி தலைவலி, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல், சாப்பாட்டில் நாட்டமின்மை, பிடித்த விளையாட்டைக்கூட ஒதுக்குவது ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். நள்ளிரவில் கைப்பேசியோடு விழித்திருப்பதும் எப்போதும் அடங்காமை அல்ல. நாள் முழுவதும் பிறருக்குக் கொடுத்த பிள்ளைக்குத் தனக்கென்று கிடைக்கும் ஒரே நேரம் அதுவாக இருக்கலாம். பிடுங்கி வைப்பதற்கு முன், பகலில் அரை மணி நேரமாவது சும்மா இருக்க விட்டோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா, அப்பா, பிள்ளை மூவரும் உட்கார்ந்து ஒரு வாரத்தைத் தாளில் எழுதலாம். முதலில் தூக்கம், பிறகு பள்ளி, பயணம், சாப்பாடு. மிச்சமுள்ள கட்டங்களில் மட்டும் மற்றவை. இடம் இல்லாததை அடித்துவிட வேண்டும். எதை அடிப்பது என்பதில் பிள்ளையின் சொல்லுக்கு இடம் கொடுக்க வேண்டும். வகுப்பாசிரியரிடம் அந்தத் தாளைக் காட்டினால், அவருக்கும் முழுப் படம் புரியும். கோயில்களும் இயக்கங்களும் தம் பங்குக்கு, பயிற்சிகளை இரவு 9 மணிக்குள் முடிக்கலாம். தேர்வுக் காலத்தில் படிவம் ஐந்து மாணவர்களை அழைக்காமல் இருக்கலாம்.

சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பள்ளியின் ஆலோசக ஆசிரியரையோ அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கையோ நாட வேண்டும். சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசிச் சேவை எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூரை 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். வாழவே பிடிக்கவில்லை என்று பிள்ளை ஒரே ஒரு முறை சொன்னாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே அழைக்க வேண்டும்.

எஸ்பிஎம் தேர்வை மறுபடியும் எழுதலாம். எஸ்டிபிஎம், டிப்ளோமா, தொழிற்கல்வி என வேறு வழிகளும் திறந்தே இருக்கின்றன. இதைத் தேர்வு முடிவு வந்த பிறகு ஆறுதலாகச் சொல்வதைவிட, ஆண்டின் தொடக்கத்திலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுவது மேல்.