யாருடைய நாட்காட்டி?

அழைப்பிதழைக் கையில் கொடுப்பது ஒன்று. அழைக்கப்பட்டவர் வீட்டுக்குள் நாமே நுழைந்து, சுவரிலுள்ள நாட்காட்டியில் நம் விழாவைக் குறித்துவிட்டு வருவது மற்றொன்று. நம் மன்றத்தின் கைப்பேசிச் செயலி இன்று இரண்டாவதைச் செய்துகொண்டிருக்கிறது. அப்படிச் செய்யுமாறு நிரல் எழுதியவன் நான்தான். ஆகவே, குற்றவாளியே எழுந்து நின்று வாக்குமூலம் கொடுப்பதாக எண்ணி மேலே படியுங்கள்.

2025ஆம் ஆண்டுப் பொங்கலை மறந்திருக்க மாட்டீர்கள். தை முதல் நாள், ஜனவரி 14. விழாவை நான் செயலியில் ஏற்றினேன். செயலி அதை உங்கள் நாட்காட்டிகளில் ஏற்றியது. மறுநாள் விடுதியெங்கும் ஒரே சிரிப்பு! போகியன்றே பொங்கல் பொங்கிவிட்டது கைப்பேசியில். ஆண்ட்ராய்டில் ‘முழு நாள்’ நிகழ்ச்சி என்றால் உலகப் பொது நேரத்தின் நள்ளிரவைக் கொடுக்க வேண்டும். நானோ இந்திய நள்ளிரவைக் கொடுத்துவிட்டேன். நாம் ஐந்தரை மணி நேரம் முந்தியவர்கள்; நமக்கு 14ஆம் தேதி பிறக்கும்போது பொது நேரத்தில் 13ஆம் தேதி மாலை 6.30தான். விழாவும் 13இல் போய் உட்கார்ந்துகொண்டது. இயற்பியல் படிக்கிறவன் செய்கிற பிழையா இது என்று கேட்காதீர்கள், எல்லோரும் கேட்டாகிவிட்டது.

பிழை என்னுடையது. ஆனால் ஏறுவதற்கு முன் ஒருவர் கண்ணிலும் படாமல் அத்தனை கைப்பேசிகளிலும் அது ஏறியது எப்படி? சாவியை முன்கூட்டியே உங்களிடம் வாங்கி வைத்திருந்தேன் அல்லவா!

அந்தச் சாவி எத்தனை பெட்டிகளைத் திறக்கும் தெரியுமா? ஒரே கைப்பேசியில் பல நாட்காட்டிகள் இருக்கலாம். எதில் எழுதுவது என்று அறியவே செயலி முதலில் அவற்றைப் படித்தாக வேண்டும். எழுத ஓர் அனுமதி, படிக்க ஓர் அனுமதி என்று ஆண்ட்ராய்டு பிரித்து வைத்திருந்தாலும் திரையில் தோன்றும் கேள்வி ஒன்றே. ‘சரி’ என்று தட்டினால் பழைய குறிப்பு, புதிய குறிப்பு அனைத்தும் திறந்துகொள்ளும். ஐபோனிலும் எழுதுவதற்கு மட்டுமான அனுமதி தனியே வந்தது 2023இல்தான்.

முதலாண்டுத் தங்கை ஒருத்தி வந்து கேட்டாள்: “அண்ணா, பொங்கலுக்கு வர்றதுக்கு என் காலண்டரை மன்றம் எதுக்குப் பார்க்கணும்? நான் டாக்டர்கிட்ட போற நாளெல்லாம் அதிலேதான் இருக்கு.” நான் பார்க்கவில்லை என்றேன், உண்மைதான். “பார்க்க முடியுமா, முடியாதா?” என்றாள். வாயடைத்து நின்றேன். ஊரில் எங்கள் வீட்டுத் தினசரி நாட்காட்டியில் பால் கணக்கு, சீட்டுப் பணம், அத்தைக்குக் கொடுத்த கைமாற்று எல்லாவற்றையும் அம்மா குறித்து வைப்பார். ராகுகாலம் பார்க்கிற சாக்கில் யாரேனும் அதைப் புரட்டினால் அம்மாவின் முகம் போகும் போக்கை நான் அறிவேன்.

வேறு வழி இல்லாமலில்லை. விழாவின் பெயர், நேரம், இடம் ஆகியவற்றை நிரப்பிச் செயலி ஒரு சீட்டைப் போல நீட்டும். உங்கள் நாட்காட்டியே அதைத் தன் திரையில் காட்டும். நீங்கள் பார்த்துச் ‘சேமி’ என்று தட்டினால் ஏறும், தட்டாவிட்டால் இல்லை. இதற்கு எந்த அனுமதியும் வேண்டியதில்லை. 2011இல் வந்த ஆண்ட்ராய்டு நான்காம் பதிப்பு முதலே இந்த வசதி உண்டு. ஐபோனிலும் 2023 முதல் அனுமதி கேளாமலே இத்தகைய திரையைத் திறக்கலாம். இதை நான் கையாண்டிருந்தால், 13 என்ற எண்ணைக் கண்ட முதல் ஆளே என் காதைத் திருகியிருப்பார்!

செயற்குழு நண்பர்கள் ஒப்பவில்லை. இங்கே பொங்கலன்றும் வகுப்பு உண்டு, ஆய்வுக்கூடம் உண்டு. கைப்பேசி நினைவூட்டாவிட்டால் யார் வருவார்கள், யார் மெனக்கெட்டுச் ‘சேமி’ தட்டுவார்கள் என்கிறார்கள். கூட்டம் சற்றுக் குறையலாம், ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் சொல்லும் இன்னொன்றுதான் கனமானது: அரங்கம் மாறினால், சேமித்தவர்களின் குறிப்பைச் செயலியால் திருத்த முடியாது. அதற்கும் வழி இருக்கிறது. ‘ஐகேலண்டர்’ என்ற பொது வடிவம் 1998இலேயே வகுக்கப்பட்டது. நம் நிகழ்ச்சிகளை அவ்வடிவில் ஒரே கோப்பாக இணையத்தில் வைத்தால், விரும்புகிறவர் சந்தா சேர்வதுபோல் தம் நாட்காட்டியில் இணைத்துக்கொள்ளலாம். நாம் கோப்பைத் திருத்தினால் அவர்களிடத்திலும் திருந்தும். அவர்களுடைய குறிப்புகளோ நம் கண்ணுக்கு வாரா. திருத்தம் போய்ச் சேரப் பல மணி நேரம் ஆகலாம் என்பது குறைதான். கடைசி நேர மாற்றமானால், நம் முன்னோர் செய்ததுபோல் அறைக் கதவைத் தட்டுவோம்.

வரும் பேரவைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரப் போகிறேன். எதிர்க்க விரும்பும் நண்பர்கள் தவறாமல் வருக. கூட்ட நாளை அவரவரே குறித்துக்கொள்க. என்னை நம்பினால் ஒரு நாள் முன்னதாக வந்து நிற்பீர்கள்.